காலுக்கு முன்னாடி கண்ணு: ரக்பி கிக்கிங் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன மாசம் நம்ம சிங்கப்பூர் ஸ்கூல் ரக்பி பத்தி எழுதினதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்துச்சு, அதுல முக்காவாசி கிக்கிங் பத்தித்தான், அதனால இந்தத் தடவை முழுசா அதையே எடுத்துக்கிட்டேன். பந்தைத் தூரமா எப்படி அடிக்கிறதுன்னு கேட்டவங்கதான் அதிகம். எங்க அடிக்கிறதுன்னு கேட்டவங்க ரெண்டே பேரு. எனக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் பெருசு, அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் ஸ்கூல் டீம்ல ஃப்ளை ஹாஃப், அதாவது ஆட்டத்தை நடத்தி பந்தை அடிக்கிறவன், பி டிவிஷன். என்னால 40 மீட்டர் ஈசியா அடிக்க முடியும். ஆனா மேட்ச்ல நான் அடிக்கிற பந்து எல்லாம் நேரா எதிர் டீம் ஃபுல்பேக் கைக்குத்தான் போவுது, அவன் புடிச்சுட்டு திரும்ப ஓடி வந்துர்றான். கோச் "யோசிச்சு அடி, யோசிச்சு அடி"ன்னு கத்துறாரு. என்ன யோசிக்கணும்னே எனக்குப் புரியல. (செகண்டரி 3 மாணவர், ஈசூன்)

பதில்: தம்பி, 40 மீட்டர் போவுதுன்னா கால் உனக்கு இருக்கு, உன் வயசுல அது பெரிய விஷயம். இப்ப உனக்கு வேண்டியது கண்ணு. கோச் யோசின்னு சொல்றது உண்மையில பாருன்னு சொல்றதுதான், ஏன்னா பந்து கைக்கு வந்ததுக்கு அப்புறம் யோசிக்க நேரமே கிடையாது, அதுக்குள்ள எதிர் டீம் ஃப்ளாங்கர் உன் மேல வந்து விழுந்துருவான்.

எதிர் டீம்ல பின்னாடி நிக்கிறது மூணு பேரு, நடுவுல ஃபுல்பேக்கும் ரெண்டு ஓரத்துல ரெண்டு விங்கரும். மைதானம் 70 மீட்டர் அகலம், அதை மூணு பேரால ஒரே நேரத்துல மூட முடியாது, அதனால அவங்க பழைய சுவர்க் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடிக்கிட்டே இருப்பாங்க. பந்து ஒரு பக்கம் போச்சுன்னா அந்தப் பக்க விங்கர் முன்னாடி ஏறி டிஃபென்ஸ் லைன்ல சேர்ந்துக்குவான், ஃபுல்பேக் அவனுக்குப் பின்னாடி நகருவான், இன்னொரு பக்கத்து விங்கர் கீழ இறங்கி நடுவைப் பாத்து வருவான். இது மூணும் சரியா நடந்தா ஓட்டையே இருக்காது. ஆனா ஸ்கூல் மேட்ச்ல சரியா நடக்குறது ரொம்ப கம்மி, மூணு பேர்ல ஒருத்தன் எப்பவும் லேட்டா நகருவான், அவன் லேட்டா விட்டுட்டுப் போன அந்த இடம்தான் உனக்கு. விங்கர் ஏறிட்டான், ஃபுல்பேக் இன்னும் நடுவுலயே நிக்கிறான்னா விங்கர் முதுகுக்குப் பின்னாடி அடி. ஃபுல்பேக் ரொம்ப சீக்கிரம் ஓரத்துக்கு ஓடிட்டான், மத்த விங்கர் இறங்கவே இல்லன்னா நடுவு மொத்தமும் காலி.

இதை எப்ப பாக்குறதுன்னா ரக் (கீழ கிடக்குற பந்துக்கு மேல ரெண்டு டீமும் தள்ளிக்கிறது) நடக்குறப்ப ஒரு தடவை, அதுலேருந்து பந்தை எடுத்துக் குடுக்குற ஸ்க்ரம் ஹாஃப் பந்தைத் தொடக் குனியுறப்ப இன்னொரு தடவை. அதுக்கு அப்புறம் தலையைத் தூக்காத, பந்தை மட்டும் பாரு. உனக்கு வெளிய நிக்கிற சென்டரும் விங்கரும் உன்னை விட நல்லா பாக்க முடியும், அவங்க மேல யாரும் பாயப் போறதில்ல, அதனால எந்த இடம் காலின்னு அவங்க கத்தணும், நீ நம்பி அடிக்கணும். ட்ரெய்னிங்லயே பேசி வச்சுக்குங்க, ரெண்டு மூணு வார்த்தை போதும்.

இன்னொண்ணு, ஃபுல்பேக் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறான்னு கவனி. முன்னாடி ஓடி வந்து புடிக்கிற பந்து அவனுக்கு அல்வா மாதிரி, அதே வேகத்துல உன் மேல ஏறி வருவான். முதுகைக் காட்டித் திரும்பி ஓடிப் போய் எடுக்குற பந்துதான் அவனுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். அதுவும் டச்லைன்ங்கிற பக்கக் கோட்டுலேருந்து 5 மீட்டர் உள்ள விழுந்தா ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் உன் ஆளுங்க, அவன் எங்க போவான்?

நான் ஸ்கூல்ல ஆடினப்ப ஒரு மேட்ச்ல முதல் பாதியிலேயே மூணு தடவை நடுவுல அடிச்சேன், மூணும் திரும்பி வந்துச்சு, அதுல ஒண்ணை எங்க கோல் கோட்டுக்குப் பின்னாடி தரையில வச்சு அவங்க ட்ரை எடுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அடுத்த வாரம் எங்க கோச் என்னை ஆட விடல, மேல உக்கார வச்சு 20 நிமிஷத்துக்குப் பந்தைப் பாக்கவே கூடாதுன்னு சொல்லி, பின்னாடி நிக்கிற மூணு பேரை மட்டும் பாக்கச் சொன்னாரு. முதல் 5 நிமிஷம் கஷ்டமா இருந்துச்சு, கண்ணு தானா பந்து பின்னாடியே போவும். அப்புறம் பாத்தா மைதானமே வேற மாதிரி தெரிஞ்சுது, எங்க காத்து வாங்குது, எங்க அடைச்சு கிடக்குதுன்னு தெளிவா. நீயும் ஒரு சனிக்கிழமை குவீன்ஸ்டவுன் ஸ்டேடியம் பக்கமோ பாடாங்கோ போய் ஏதாவது மேட்ச் நடந்தா இப்படிப் பாரு. காசு செலவே இல்லாத ட்ரெய்னிங் இது.

அடுத்தது உயரம். 40 மீட்டர் தாழ்வா போற பந்து ரெண்டரை செகண்ட்ல விழுந்துரும். அந்த நேரத்துல உன் விங்கர் எவ்வளவு ஓடுவான்? நின்ன இடத்துலேருந்து கிளம்பி ஓடுறான், 15 மீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம். அப்ப பந்தைப் புடிச்சவனுக்கு முன்னாடி 25 மீட்டர் காலி இடத்தை நீயே இனாமா குடுக்குற. அதே பந்தை 25 மீட்டர் தூரத்துக்கு அடி, ஆனா 4 செகண்ட் காத்துல நிக்கிற மாதிரி அடி, உன் ஆளு பந்து விழுற இடத்துல கூடவே நிப்பான். 4 செகண்ட் நிக்கணும்னா பந்து 20 மீட்டர் உயரம் போகணும், நம்ம வீவக அடுக்குமாடி புளோக்ல ஏழாவது மாடி தாண்டிப் போற உயரம். 3 செகண்டுன்னா 11 மீட்டர், நாலாவது மாடி. போன்ல ஸ்டாப்வாட்சைப் போட்டு ஃப்ரெண்டை நிக்க வை, காலு பந்துல பட்ட நேரத்துலேருந்து தரையில விழுற வரைக்கும் எண்ணச் சொல்லு. தூரத்தை அளக்குற பசங்க நிறைய பேரு, செகண்டை அளக்குற பசங்க கம்மி.

கடைசியா ஒண்ணு, அடிச்சுட்டு அங்கயே நின்னு பந்து போற அழகைப் பாக்காத. உனக்கு முன்னாடி நிக்கிற உன் டீம் ஆளுங்க எல்லாரும் ஆஃப்சைடு, நீயோ, நீ அடிக்கும்போது உனக்குப் பின்னாடி இருந்த ஒருத்தனோ ஓடி அவங்களைத் தாண்டினா அவங்க ஆட்டத்துக்குள்ள வரலாம். முன்னாடி எல்லாம் பந்தைப் புடிச்சவன் 5 மீட்டர் ஓடினாலோ பாஸ் பண்ணினாலோ ஆஃப்சைடு தானா போயிரும், 2024 ஜூலையிலேருந்து அது கிடையாது. அதனால அடிச்ச அடுத்த நொடியே நீ ஓடு. எல்லாரும் உன் கூட ஒரே கோடா ஓடி வரணும், ஒருத்தன் முந்தி ஒருத்தன் பிந்தினா அந்த சந்துலதான் ஃபுல்பேக் புகுந்து போவான்.

கேள்வி: தம்பி, நான் சின்ன வயசுலேருந்து பாடாங்ல ரக்பி பாக்குறவன். அப்பல்லாம் பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுவாங்க, பாக்கவே அவ்வளவு நல்லா இருக்கும். இப்ப டிவியில பாத்தா கையில கிடைச்ச உடனே அடிச்சு விட்டுர்றாங்க. அடிபட்டு மிதிபட்டு எடுத்த பந்தை எதுக்குப்பா தூக்கி எதிராளிகிட்ட குடுக்கணும்? (ஓய்வு பெற்ற வாசகர், தோ பாயோ)

பதில்: ஐயா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது, ஓடுற ரக்பி மாதிரி அழகு எதுவும் இல்ல. ஆனா அடிக்கிறது எல்லாமே குடுக்கிறது இல்லைங்க. நீங்க கேரம் ஆடியிருப்பீங்க, காயைப் போட வழி இல்லாதப்ப நல்ல ஆட்டக்காரர் என்ன பண்ணுவாரு? எதிராளிக்கு எட்டாத மூலையில காயை ஒதுக்கி விட்டுட்டு ஸ்ட்ரைக்கரைக் குடுத்துருவாரு. எதிராளி கையில ஸ்ட்ரைக்கர் இருக்கு, ஆனா அடிக்க ஒண்ணும் இல்ல. ரக்பியில நல்ல கிக்கு அப்படித்தான்.

நம்ம 22 மீட்டர் கோட்டுக்குள்ள, அதாவது நம்ம கோல் கோட்டுக்குப் பக்கத்துல, பந்தை வச்சுக்கிட்டு ஒரு சின்னத் தப்பு பண்ணினா பெனால்டி, அதை அவங்க கோல் கம்பத்துக்கு நடுவுல அடிச்சா 3 பாயிண்ட் போச்சு. அதே தப்பை அவங்க 22-ல பண்ணினா நமக்குப் பெருசா ஒண்ணும் நஷ்டம் இல்ல. அதனால தப்பு நடக்குறதுன்னா அவங்க வீட்டு வாசல்ல நடக்கட்டும்னுதான் பந்தை அங்க அனுப்புறாங்க. 2023 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்குங்களா, தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. தென்னாப்பிரிக்கா ஒரு ட்ரை கூட போடல, ஹாண்ட்ரே போலார்ட் அடிச்ச 4 பெனால்டிதான் மொத்த 12 பாயிண்டும். அதுக்கு முந்தின வாரம் செமி ஃபைனல்ல மழையில இங்கிலாந்து உயரமா உயரமா அடிச்சே தென்னாப்பிரிக்காவைத் திணற வச்சாங்க, ட்ரையே இல்லாம ஓவன் ஃபாரெல் காலாலயே 15 பாயிண்ட், ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்குற வரைக்கும் அவங்கதான் முன்னாடி, கடைசியில ஒரே ஒரு பாயிண்ட்ல 16-15ன்னு தோத்தாங்க.

அது போக 2021-லேருந்து ஒரு புது விதி வந்திருக்குங்க, 50:22ன்னு சொல்வாங்க. நம்ம பாதியிலேருந்து அடிச்ச பந்து உள்ள ஒரு தடவையாவது தரையில பட்டுட்டு அவங்க 22-க்குள்ள டச்சுக்கு, அதாவது பக்கக் கோட்டுக்கு வெளிய, போச்சுன்னா லைன் அவுட்ல (வெளிய போன பந்தைத் திரும்ப உள்ள எறியுறது) பந்து நமக்கே. வழக்கமா டச்சுக்கு அடிச்சவங்க பந்தை இழந்துருவாங்க இல்லைங்களா, இங்க அவங்க 22 வரைக்கும் முன்னேறி பந்தும் நம்ம கையிலேயே. ஆனா பந்தை எதிராளி பாதியிலேருந்து நம்ம ஆளுங்களே நம்ம பாதிக்குள்ள கொண்டு வந்து அடிச்சா செல்லாது. இதோட நல்ல விஷயம் என்னன்னா இந்த பயத்துல எதிர் டீம் விங்கருங்க பின்னாடியே நிக்க வேண்டியிருக்கு, அதனால முன்னாடி லைன்ல ஆள் குறையுது, ஓடுறவங்களுக்கு இடம் கிடைக்குது. உங்களுக்குப் புடிச்ச அந்த ஓட்டத்துக்கே இந்தக் கிக்குதான் வழி விடுது.

ரெண்டு ஃபுல்பேக்கும் மாத்தி மாத்தி ஒருத்தருக்கு ஒருத்தர் அடிச்சுக்கிட்டே இருக்குற ஆட்டம் எனக்கும் புடிக்காதுங்க. எதுக்குன்னு தெரியாம அடிக்கிற பந்து குடுத்த பந்துதான், அதுல உங்க கட்சிதான் நான்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயசு. கிக்கர் ஆகணும்னு ஆசை, தினமும் சாயங்காலம் 150, 200 தடவை அடிக்கிறான். ரெண்டு வாரமா இடுப்புக்குக் கீழ, தொடை ஆரம்பிக்கிற இடத்துல வலின்னு சொல்றான். பழகினா சரியாயிடும்னு அவனே சொல்றான். விடலாமா? (ஒரு அப்பா, செங்காங்)

பதில்: விடாதீங்க சார். வலி போற வரைக்கும் கிக்கிங்கை நிறுத்தச் சொல்லுங்க, ஸ்போர்ட்ஸ் டாக்டர் இல்லன்னா பிசியோகிட்ட காட்டுங்க, இதை இந்த வாரமே பண்ணுங்க. எல்லா பதிலுக்கும் முன்னாடி நான் எழுதினது இந்தப் பதில்தான்.

வளர்ற வயசுல தசை எலும்போட ஒட்டுற இடம் இன்னும் முழுசா கெட்டிப்படாம இருக்கும். தொடையைத் தூக்குற தசை இடுப்பு எலும்புல ஒட்டியிருக்கு, ஒவ்வொரு கிக்குக்கும் அது சுண்டி இழுக்குது. திரும்பத் திரும்ப இழுத்தா அந்த இடம் வீங்கி வலிக்கும், சில பசங்களுக்கு ஒரே ஒரு பலமான கிக்குல எலும்பு நுனியே பிஞ்சு வந்துரும். பெரியவங்களுக்குத் தசை கிழியுற இடத்துல இவங்களுக்கு எலும்பு பிரியுது. பழகினா சரியாப் போற வலி இது இல்ல.

குணமானதுக்கு அப்புறமும் 200 வேண்டாம். வாரத்துல மூணு நாள், நாளைக்கு 30, 40 கிக்கு, ஒவ்வொண்ணும் எங்க விழணும்னு முதல்லயே வாயால சொல்லிட்டு அடிக்கட்டும். 200 அடிக்கிற பையன் கடைசி 100-ஐ களைச்சுப் போன காலோட அடிக்கிறான், அப்ப கோணலா அடிக்கத்தான் உடம்பு கத்துக்குது. பந்து சைஸையும் பாத்துக்குங்க, 14 வயசு வரைக்கும் 4-ஆம் நம்பர் பந்து, அதுக்கு மேலதான் 5. அண்ணன்மாருங்க பந்தை எடுத்து இவன் அடிச்சா காலுக்கு அதுவும் சுமைதான்.

கேள்வி: நான் ஸ்க்ரம் ஹாஃப். மழை பேஞ்சா என் பாக்ஸ் கிக்கு (ரக்குக்குப் பின்னாடி நின்னு உயரமா அடிக்கிறது) எல்லாம் சொதப்புது, பந்து வழுக்கி எங்கயோ போவுது. மழையில கிக்கு பண்றதை விட்டுரலாமா? (பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: மழையிலதான்பா கிக்கு பண்ணணும். உனக்கு வழுக்குற அதே பந்து, 20 மீட்டர் உயரத்துலேருந்து இறங்குறதைப் புடிக்கிறவனுக்கு இன்னும் எவ்வளவு வழுக்கும்னு நினைச்சுப் பாரு. நம்ம ஊர்ல டிசம்பர் வந்தா வாரம் முழுக்க மத்தியானம் கொட்டுது, மழையில அடிக்கத் தெரியாத ஸ்க்ரம் ஹாஃப் பாதி சீசனுக்குத்தான் ஆட்டக்காரன்.

வழுக்குறது உன் காலுல இல்ல, கையில. நிறைய பேரு பந்தை நெஞ்சு உயரத்துலேருந்து விடுறாங்க, அது காலுக்கு வர்றதுக்குள்ள திரும்பிருது. இடுப்பு உயரத்துக்குக் குனிஞ்சு, எந்தக் காலால அடிக்கிறியோ அந்தப் பக்கத்துக் கையால கொண்டு போய் கிட்டத்தட்ட காலு மேல வச்சு விடு. எவ்வளவு கம்மியான தூரம் விழுதோ அவ்வளவு கம்மியாத்தான் தப்பு நடக்கும். பந்து சுத்தவே கூடாது, நுனி கொஞ்சம் கீழ பாத்து இருக்கணும். பந்து சுழண்டுக்கிட்டுப் போற ஸ்பைரல் கிக்கு வேண்டாம், அது சரியா பட்டாத்தான் பறக்கும், ஒரு விரல்கடை தள்ளிப் பட்டா போச்சு. நுனி மேல நுனியா உருண்டுக்கிட்டுப் போற சாதாரண கிக்கு மழைக்குப் போதும்.

பாக்ஸ் கிக்குல உன் குறி டச்லைன் இல்ல. கோட்டுலேருந்து 5, 10 மீட்டர் உள்ள, முன்னாடி 20, 25 மீட்டர், நல்ல உயரம், உன் விங்கர் ஓடி வந்து அதே நேரத்துல எம்பணும். அவன் கண்ணு பந்து மேல இருக்கணும், எதிராளி காத்துல இருக்கும்போது ஆளைத் தொட்டா பெனால்டி, மோசமா விழுந்தா கார்டு. ரெஃப்ரி "யூஸ் இட்"னு சொல்லிட்டா உனக்கு 5 செகண்ட், அதுக்குள்ள விங்கர் ரெடியான்னு பாத்துக்கோ. அவன் ரெடி இல்லன்னா பாஸ் பண்ணு, துரத்த ஆள் இல்லாத பாக்ஸ் கிக்கு அடிக்கிறதுக்கு அடிக்காமலே இருக்கலாம்.

அதோட மழையில தரையோட உருட்டி விடுற க்ரப்பர் கிக்கை மறந்துராத. காஞ்ச தரையில உருண்டு உருண்டு திடீர்னு எம்பும், ஈரத் தரையில வழுக்கிக்கிட்டே பாம்பு மாதிரி போவும், ஃபுல்பேக் குனிஞ்சு திரும்பி எடுக்கணும். முட்டியைப் பந்துக்கு மேல கொண்டு வந்து பந்தோட மேல் பாதியில அடி. மின்னல் எச்சரிக்கை சைரன் கேட்டா மட்டும் எல்லாத்தையும் போட்டுட்டு உள்ள ஓடிரு, பந்தைக் கூட அப்புறம் எடுத்துக்கலாம்.

கேள்வி: நான் ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டே வார இறுதியில பெண்கள் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுற ரக்பி) ஆடுறேன். எங்க டீம்ல ரீஸ்டார்ட், அதாவது பாயிண்ட் விழுந்ததும் ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கிற கிக்கு, நான்தான் அடிக்கணும். செவன்ஸ்ல கிக்கிங் எல்லாம் அவ்வளவு முக்கியம் இல்லன்னு டீம்ல சொல்றாங்க. உண்மையா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: இல்லவே இல்லைங்க, செவன்ஸ்ல ரீஸ்டார்ட் மாதிரி ஆட்டத்தைத் திருப்புற கிக்கு வேற கிடையாது. 15 பேரு ரக்பியில எதிராளிக்குப் பாயிண்ட் விட்டவங்க பந்தை அடிச்சுக் குடுப்பாங்க, செவன்ஸ்ல பாயிண்ட் போட்டவங்களேதான் அடிக்கணும். ஆட்டமே 7 நிமிஷம், 7 நிமிஷம். நீங்க ட்ரை போட்டுட்டு ரீஸ்டார்ட்டையும் திரும்பப் புடிச்சுட்டீங்கன்னா எதிர் டீம் பந்தைத் தொடாமலே ரெண்டு மூணு நிமிஷம் ஓடிரும். 2016-ல நம்ம நேஷனல் ஸ்டேடியத்துல கென்யா ஃபிஜியை ஃபைனல்ல 30-7ன்னு அடிச்சாங்களே, அந்த ஃபிஜி டீம் அதே வருஷம் ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கின நாடு, அவங்களையே அப்படி வைக்க முடியும்னா செவன்ஸ்ல பந்து யாரு கையில இருக்குங்கிறதுதான் எல்லாம்.

உங்க பந்து 10 மீட்டர் தாண்டணும், நேரா டச்சுக்குப் போகக் கூடாது, ரெண்டுல எது தப்பினாலும் நடுவுல அவங்களுக்கு ஃப்ரீ கிக்கு, அதாவது கையில குடுத்த மாதிரி. நீங்க குறி வைக்க வேண்டியது 10-லேருந்து 15 மீட்டருக்குள்ள, 3 செகண்ட் காத்துல நிக்கிற பந்து. துரத்துறவங்க உங்களுக்குப் பின்னாடியிலேருந்தே வேகம் புடிச்சு வந்து நீங்க அடிக்கிற நொடியில கோட்டைத் தாண்டணும், அவங்களுக்கு 3 செகண்ட் தாராளம், போய் நின்னு எம்பலாம். ட்ராப் பண்ணும்போது பந்தை நேரா நிக்க வச்சு, மேல் நுனி லேசா உங்க பக்கம் சாய்ஞ்ச மாதிரி விடுங்க, தரையில பட்டு எழும்புற அந்தக் கணத்துலேயே அடிங்க.  அடிக்கிறதுக்கு முன்னாடி எதிர் டீம்ல யாரு உயரம் கம்மி, யாரு மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறாங்கன்னு பாருங்க, பந்து அவங்க தலைக்கு மேல போகட்டும்.

கேள்வி: எனக்கு வலது கால் மட்டும்தான் வரும். இடது காலும் கட்டாயம் பழகணுமா அண்ணே? (செகண்டரி 2 மாணவர், பொங்கோல்)

பதில்: பழகணும். ஒரு காலு மட்டும்தான்னு எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அந்தக் காலு பக்கத்துலேருந்தே ஓடி வந்து மூடிருவாங்க, அதுக்கு அப்புறம் நீ அடிக்கிற ஒவ்வொண்ணும் சார்ஜ் டவுன்தான், அதாவது அவங்க மேல பட்டே நின்னுரும். ஜானி வில்கின்சன் இடது கால் ஆட்டக்காரர். 2003 நவம்பர் 22, சிட்னியில உலகக் கோப்பை ஃபைனல், எக்ஸ்ட்ரா டைம்ல அரை நிமிஷம் கூட இல்ல, 17-17. பந்து வந்த இடத்துல அவருக்கு வலது காலாலதான் அடிக்க வசதி, வலது காலாலயே ட்ராப் கோல் (தரையில விட்டு எழும்புற பந்தைக் கோல் கம்பத்துக்கு நடுவுல அடிக்கிறது) அடிச்சாரு, 20-17ன்னு இங்கிலாந்துக்குக் கோப்பை. பழகாத காலா இருந்தா அந்த நேரத்துல எடுத்திருக்கவே மாட்டாரு. நீ முதல்ல 15 மீட்டர்லேருந்து ஆரம்பி, 10 கிக்கு வலது காலுன்னா 5 இடது காலு. பலம் வேண்டாம், சுத்தமா பட்டா போதும். இடது கையால பந்தை விடுறதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கும், கால் இல்ல.

கேள்வி: எங்க புளோக்குக் கீழ பந்து விளையாடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு. ஸ்கூல் மைதானம் சிசிஏ (பாடத்துக்கு அப்பாற்பட்ட நடவடிக்கை) நாள்ல மட்டும்தான். வீட்டுல இருந்தே கிக்கிங் பழக முடியுமா? (செகண்டரி 1 மாணவி, உட்லண்ட்ஸ்)

பதில்: முடியும்மா, அதுவும் கிக்குல ரொம்ப முக்கியமான பாதியைப் பழகலாம். கிக்கு தப்பினா எல்லாரும் காலைத் திட்டுறாங்க, ஆனா பெரும்பாலும் தப்பு பந்தை விடுற கையில இருக்கு. ரூம்ல ஒரு பழைய மெத்தையோ கனமான போர்வையோ மடிச்சுப் போடு, அதுல சாக்பீஸால ஒரு வட்டம். பந்தை ரெண்டு பக்கமும் புடிச்சு, அடிக்கிற காலு பக்கத்துக் கை கொஞ்சம் கீழ தாங்கி, ஒரு எட்டு நடந்து வந்து வட்டத்துல விடு. சுத்தாம, புடிச்ச கோணத்துலேயே விழணும். பத்துக்குப் பத்தும் அப்படியே விழுற வரைக்கும் பண்ணு, தினமும் 10 நிமிஷம், கீழ் வீட்டுக்காரங்களுக்கு சத்தமும் போகாது. காலை மட்டும் ஆட்டிப் பழகறதுன்னா செவுத்தைப் புடிச்சுக்கிட்டு விரலை நீட்டி, கணுக்காலை இறுக்கி, மெதுவா மேல கொண்டு போ, தலை குனிஞ்சே இருக்கட்டும்.

உங்க பேட்டையில சாயங்காலம் வெளியாளுங்களுக்குத் திறந்து விடுற ஸ்கூல் மைதானம் ஏதாவது இருக்கும், அப்பாவையோ அக்காவையோ கூட்டிட்டுப் போ. அவங்களை 25 மீட்டர் தள்ளி நிக்க வச்சு, நீ திரும்பி நின்னுக்கோ, அவங்க இடமோ வலமோ நகரட்டும். "ஆ"ன்னு சொன்னதும் நீ திரும்பி ஒரே பார்வை பாத்துட்டு அவங்க இல்லாத பக்கம் அடி. முதல் நாள் நீ அவங்க கைக்கேதான் அடிப்ப. ரெண்டு வாரம் கழிச்சு அவங்க ஓட ஆரம்பிச்சதும் எனக்கு எழுதிப் போடு.